ஓடும் வீட்டில் ஒன்பது நாள்



பிள்ளைகளின் படிப்பு, வீட்டுச் சிக்கனம், உடல் நலம் என்று ஏதாவது ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு இந்தப் பக்கத்தில் உங்களிடம் பேசுவது என் வழக்கம். இந்த முறை ஊர் சுற்றிய கதை. “டீச்சருக்கு என்ன, சம்பளம் வருது, பிளேன் ஏறிப் போறாங்க” என்று லயத்து வாசலில் யாராவது சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். பிளேன் டிக்கெட் மட்டும்தான் என் காசு. அதுவும் இரண்டு வருஷம் கூட்டு கட்டிச் சேர்த்தது. மற்ற செலவெல்லாம் மெல்பர்னில் வேலை செய்யும் என் தம்பியின் தலையில் விழுந்தது.

உண்மையில் தம்பி அழைத்தது என்னை அல்ல, அப்பாவை. அப்பாவுக்கு இப்போது 75 வயது. 38 ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். அம்மா போன பிறகு என்னோடு இருக்கிறார். எங்கேயும் வரமாட்டார். “எனக்கு என்ன அங்க வேலை?” என்பார். ‘வேலை’ என்ற சொல் இல்லாமல் அவருக்கு ஒரு வாக்கியம்கூட வராது. “அக்கா, நீ கூட வந்தாத்தான் அவர் வருவார்” என்று தம்பி சொன்னதால் ஆண்டிறுதி விடுமுறையில் நானும் கிளம்பினேன். என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. அதைப் பற்றி இன்றுவரை அவர் பேசிக்கொண்டிருக்கிறார்.

போன இடம் தாஸ்மேனியா. ஆஸ்திரேலியாவின் கால்மாட்டில் தொங்கும் தீவு. நம்முடைய தீபகற்ப மலேசியாவில் ஏறக்குறையப் பாதி அளவு இருக்கும். ஜனத்தொகையோ ஆறு லட்சத்துக்கும் குறைவு. இந்தத் தீவை நாங்கள் ஓட்டல் அறை எடுத்துச் சுற்றவில்லை. வீட்டையே காடியின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு சுற்றினோம்.

கேரவன் என்றதும் எல்லா வசதியும் உள்ள பெரிய பஸ் என்று நினைத்துவிடாதீர்கள். தம்பி வாங்கியிருப்பது பழைய கேரவன். நம் லயத்து வீட்டின் ஓர் அறையைச் சக்கரத்தின் மேல் வைத்தால் எப்படி இருக்கும், அவ்வளவுதான். ஒரு மூலையில் பெரிய கட்டில், எதிர்ப்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சின்னக் கட்டில், நடுவில் மேசை. இரவில் மேசையைத் தாழ்த்திப் பலகை போட்டால் அதுவும் கட்டிலாகிவிடும். கேஸ் அடுப்பு, கைகழுவும் தொட்டி, சின்ன ஐஸ் பெட்டி. தம்பி, அவன் மனைவி, ஒன்பது வயது மகன், அப்பா, நான் என்று ஐந்து பேர். ஒருவர் சட்டை போட்டால் மற்ற நால்வரும் உட்கார்ந்துகொள்ள வேண்டும்.

ஓடும்போது உள்ளே யாரும் இருக்கக்கூடாது. அது அங்கே சட்டம். எல்லாரும் காடியில்தான் உட்கார வேண்டும். கிளம்புவதற்கு முன் கேஸ் வால்வை மூடினோமா, ஐஸ் பெட்டிக் கதவைப் பூட்டினோமா, படியை மடித்தோமா, கூரைச் சன்னலை இறக்கினோமா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். தம்பி மகன் இவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு வாத்தியார் மாதிரி கேட்பான். கூரைச் சன்னலை இறக்குவது என் பொறுப்பு. மூன்றாம் நாள் அதை நான் மறந்தேன். அன்றைக்கு என்ன ஆயிற்று என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கப்பல் ஜீலோங் என்ற துறைமுகத்தில் புறப்படுகிறது. காடியையும் கேரவனையும் அதன் வயிற்றுக்குள் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்திவிட்டு நாம் மேலே ஏறிப் படுத்துக்கொள்ளலாம். ஓர் இரவுப் பயணம். நடுவில் இருக்கும் பாஸ் நீரிணை சுமார் 240 கிலோமீட்டர் அகலம். ஆழம் குறைவு, அலை அதிகம். எனக்கும் தம்பி மனைவிக்கும் குடலே வெளியே வந்துவிடும்போல் இருந்தது. அப்பா மட்டும் குறட்டை விட்டுத் தூங்கினார்.

காலையில் டெவன்போர்ட் துறைமுகத்தில் ஒரு வேடிக்கை. தாஸ்மேனியாவுக்குள் வெளியிலிருந்து பழமோ காய்கறியோ செடியோ கொண்டுபோகக் கூடாது. பூச்சியும் செடி நோயும் தீவுக்குள் வந்துவிடும் என்று அவ்வளவு பயம். மோப்ப நாய் வைத்துப் பார்க்கிறார்கள். தம்பி மனைவி பச்சை மிளகாயை எல்லாம் முன்பே தீர்த்துவிட்டாள். ஆனால் சம்பார்ப் பொடி டப்பாவுக்குப் பின்னால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை இருந்ததை மறந்துவிட்டாள். அதிகாரி அதைத் தூக்கிப் பார்த்து, முகர்ந்து, நல்ல மரியாதையாகக் குப்பைத் தொட்டியில் போட்டார். “ஒன்பது நாளைக்குத் தாளிப்பு இல்லாத சாம்பாரா?” என்று அப்பா கேட்டார். ஆமாம், ஒன்பது நாளும் அப்படித்தான்.

இனி அந்த ஊர் வானத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் கதை புரியாது.

நம் ஊரில் மழைக்கு ஒரு நேரம் காலம் உண்டு. காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும், மூன்று மணிக்கு இருட்டும், நாலு மணிக்குக் கொட்டும், ஆறு மணிக்கு லயத்து வாசலில் தவளை கத்தும். அந்தத் தீவில் இந்தக் கணக்கு செல்லாது. அது பூமத்திய ரேகைக்குத் தெற்கே 40 பாகைக்கும் அப்பால் கிடக்கிறது. அந்த வட்டாரத்தில் ஆண்டு முழுக்க மேற்கிலிருந்து காற்று வீசிக்கொண்டே இருக்கும். பழைய மாலுமிகள் அதை ‘உறுமும் நாற்பதுகள்’ என்று சொன்னார்கள். தாஸ்மேனியாவின் மேற்குக் கரையில் நின்று நேர் மேற்கே பார்த்தால், ஆப்பிரிக்காவுக்கும் தெற்காகக் கடல் போய்க்கொண்டே இருந்து, தென் அமெரிக்காவில்தான் முடிகிறது. நடுவே தடுக்க ஒரு நிலமும் இல்லை. அவ்வளவு தூரம் ஓடி வரும் ஈரக் காற்று இந்தத் தீவின் மேற்கு மலைகளில் வந்து மோதி, மழையை அங்கேயே இறக்கிவிடுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் கிழக்கே போகும்போது காற்றில் ஈரம் மிச்சமில்லை.

மேற்கே குவீன்ஸ்டவுன் என்ற ஊரில் ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை. கோலாலம்பூரிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். கிழக்கே தலைநகரமான ஹோபார்ட்டில் சுமார் 600தான். இரண்டு ஊருக்கும் நேர்கோட்டில் 200 கிலோமீட்டர்கூட இல்லை. அதோடு, நம் மழை ஒரு மணி நேரம் அடித்துவிட்டுப் போய்விடும். அவர்கள் மழை மாவு சலிப்பதுபோல் நாள் முழுக்கச் சலித்துக்கொண்டே இருக்கும்.

டிசம்பர் அங்கே கோடை. கோடைதானே என்று நான் ஒரே ஒரு கம்பளிச் சட்டை எடுத்துப் போனேன். முதல் நாள் கிரேடில் மலைக்குப் போனோம். 1,545 மீட்டர் உயரம். அடிவாரத்தில் டவ் ஏரி. சொந்த வண்டியை வெளியே விட்டுவிட்டு, பூங்காவின் பஸ்ஸில்தான் உள்ளே போனோம். பஸ்ஸில் ஏறும்போது நல்ல வெயில். ஏரிக்கரையில் இறங்கும்போது மலையைக் காணோம், மேகம் விழுங்கிவிட்டது. கால் மணி நேரத்தில் சடசடவென்று ஆலங்கட்டி. அடுத்த கால் மணியில் மறுபடியும் வெயில்; ஏரி கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. பிறகு காற்றில் பஞ்சு மாதிரி ஏதோ பறந்தது. தம்பி மகன், “தாத்தா, ஸ்னோ!” என்று கத்தினான். கோடைக்காலத்தில் பனி! அந்த மலையில் எந்த மாதத்திலும் பனி விழக்கூடும் என்று பஸ் ஓட்டுநர் ஒன்றும் நடக்காததுபோல் சொன்னார். அப்பா குல்லாயை இழுத்துக் காதை மூடிக்கொண்டு, உள்ளங்கையை நீட்டி ஒரு துளி பனியைப் பிடித்துப் பார்த்தார். “பால் மாதிரி இருக்கு. நிக்கமாட்டேங்குது” என்றார்.

பிள்ளைகளுக்காக ஒரு செய்தி: அங்கே வோம்பாட் என்று ஒரு பிராணி, பன்றிக்குட்டி அளவில், புல் மேய்ந்துகொண்டு திரிகிறது. அதன் சாணம் சதுரக் கட்டி கட்டியாக விழுகிறது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் வகுப்பில் இதைச் சொன்ன நாளிலிருந்து அறிவியல் பாடத்தில் யாரும் தூங்குவதில்லை.

சரி, கூரைச் சன்னல். மூன்றாம் நாள் கிரேடில் மலையிலிருந்து மேற்கே இறங்கி, ரோஸ்பரி, ஸீஹன் என்ற சுரங்க ஊர்கள் வழியாகக் குவீன்ஸ்டவுனுக்குப் போனோம். ஸீஹனுக்கு அருகில் இன்றும் ஈயம் தோண்டுகிறார்கள் என்று கேட்டதும் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம், ஏதோ சொந்தக்காரர் வீடு இருப்பதுபோல. வழியெல்லாம் மழை. போய்ச் சேர்ந்து கேரவன் கதவைத் திறந்தால் பெரிய கட்டிலின் மெத்தை குளமாக இருக்கிறது. கிளம்பும்போது தம்பி மகன் தாளைப் பார்த்து, “அத்தை, கூரைச் சன்னல்?” என்று கேட்டான். “ஆச்சு” என்று சொன்னேன். ஆகவில்லை. ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் வாங்கியவள், சரிபார்க்காமலே சரி போட்டுவிட்டேன். அன்று இரவு தம்பியும் அவன் மனைவியும் காடி இருக்கையில் தூங்கினார்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம் என்று இருந்தது எனக்கு.

குவீன்ஸ்டவுன் செம்பு எடுத்த ஊர். சுற்றியுள்ள மலைகள் மொட்டை. செம்பு உருக்க விறகுக்காக மரங்களை வெட்டினார்கள்; உருக்கிய கந்தகப் புகை மிச்சப் பச்சையைக் கொன்றது; பெய்த மழை மண்ணைக் கழுவிக்கொண்டு போய்விட்டது. இப்போது அங்கங்கே செடி முளைத்து வருகிறது. 1912ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் அங்கே சுரங்கத்துக்குள் தீப்பிடித்து 42 தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். அப்பா அந்த மொட்டை மலையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “நம்ம ஈய லம்பத்து மணல்காடு மாதிரி இருக்கு. ஆனா இத நட்டுக்க நிக்க வச்சிருக்கான்” என்றார்.

அங்கிருந்து மறுநாள் மலை தாண்டி ஹோபார்ட் போவதாகத் திட்டம். 260 கிலோமீட்டர். 1932இல்தான் அந்தப் பாதை போட்டு முடித்தார்கள். அதுவரை மேற்குக் கரைக்காரர்களுக்குக் கடலும் ரயிலும்தான் வழி. ஊரை விட்டு ஏறும்போதே 99 வளைவுகள் என்று சொல்கிறார்கள். எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. ஹோபார்ட்டில் கேரவன் நிறுத்தும் இடத்துக்குத் தம்பி முன்பணம் கட்டியிருந்தான். போகாவிட்டால் அந்தக் காசு திரும்பி வராது.

அன்று மாலை மழை விட்டிருந்தது. காற்று கொஞ்சம் சூடாகக்கூட இருந்தது. “பார்த்தியா, நாளைக்கு நல்லா இருக்கும்” என்றான் தம்பி. அப்பா கேரவன் படியில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார். மலைப்பக்கமிருந்து கறுப்பாகப் பெரிய பறவைகள் கூட்டமாகக் கத்திக்கொண்டு இறங்கின. வாலில் மஞ்சள் பட்டை. காக்காத்துவா இனம். பக்கத்துக் கேரவனில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் அவற்றைக் காட்டி, கறுப்புக் காக்காத்துவா மலையிலிருந்து இறங்கினால் மழை வரும் என்பது இந்த நாட்டுப் பழக்கம் என்றார். தம்பி சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தான். அப்பா சிரிக்கவில்லை. “காத்து வடமேற்கேருந்து சூடா வருது. மேகம் கிழிஞ்சு போகுது. நாளைக்குப் பெரட்டு இல்லடா” என்றார்.

தம்பி கைப்பேசியில் வானிலை அறிக்கையைத் தேடினான். அதில் காற்று எச்சரிக்கை இருந்தது; மேட்டுப் பாதையில் பனி என்றும் இருந்தது. அவன் அதைக் காலையிலிருந்து பார்க்கவே இல்லை. வடமேற்கிலிருந்து சூடாக வீசும் காற்று திடீரென்று தென்மேற்குக்குத் திரும்பினால் குளிர் முன்னணி வந்துவிட்டது என்று அர்த்தமாம். அப்பாவுக்கு அதெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிந்தது, விடியற்காலையில் லயத்து வாசலில் நின்று மேலே பார்த்து, இன்றைக்குச் சோறு உண்டா இல்லையா என்று சொல்வது.

இருந்தாலும் தம்பிக்கு அந்த முன்பணம் உறுத்திக்கொண்டே இருந்தது. “விடிகாலைல கிளம்பினா முந்திடலாம்பா” என்றான். அப்பா அதிகம் பேசமாட்டார். “பின்னால வீட்டக் கட்டிக்கிட்டு காத்துல மல ஏறுவியா? புள்ளைய வச்சுக்கிட்டு?” என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இரவு இரண்டு மணிக்கு அடிக்க ஆரம்பித்தது. கேரவன் தொட்டில் மாதிரி ஆடியது. காலையில் வானொலியில் மலைப்பாதையில் பனி என்றும், மரங்கள் விழுந்து கிடப்பதாகவும் சொன்னார்கள். பிறகு இன்னோர் அறிவிப்பு வந்தது: செம்மறி ஆடு வளர்ப்போருக்கு எச்சரிக்கை, ரோமம் வெட்டிய ஆடுகளும் குட்டிகளும் குளிரில் சாகக்கூடும், ஒதுக்கிடம் பார்த்துக் கட்டவும். இப்படி ஓர் எச்சரிக்கை அரசாங்க வானிலை நிலையமே கொடுக்கிறது. தம்பி தமிழில் சொன்னதும் அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். “ஆட்டுக்கா? ஆட்டுக்குச் சொல்றானா?” என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு, “நமக்கு எவன் சொன்னான்?” என்றார்.

அன்று முழுக்க நாங்கள் ஐந்து பேரும் அந்த ஓர் அறைக்குள் இருந்தோம். (உங்களில் யாராவது கேரவனில் போனால் ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். குளிருக்காகக் கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு உட்காரக் கூடாது. மூடிய இடத்தில் அந்தப் புகை வாசனையே இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும். அடுப்பை எரிக்கும்போதெல்லாம், மழை உள்ளே அடித்தாலும், காற்றுவழி ஒன்று திறந்தே இருக்க வேண்டும்.) தம்பி மனைவி சார்டின் டின் உடைத்துச் சம்பல் செய்தாள். மைலோ கலக்கினோம். கூரையில் மழை தகரத்தில் விழுவதுபோல் விழுந்தது. கண்ணை மூடினால் நான் ஜொகூரில் எங்கள் லயத்து வீட்டில் இருந்தேன்.

“சின்ன வயசுல மழைன்னா எனக்கு ரொம்பப் பிடிக்கும். மழை பேஞ்சா அப்பா வீட்ல இருப்பாரு” என்று தம்பி மகனிடம் சொன்னேன். அது உண்மைதான். மரம் நனைந்திருந்தால் வெட்ட முடியாது. பட்டையில் ஈரம் இருந்தால் பால் காடி வழியே மங்குக்கு வராமல் மரமெல்லாம் பரவி வழியும்; மங்குக்கு வந்ததையும் மழை அடித்துக்கொண்டு போய்விடும். பெரட்டுக்குப் போனவர்கள் காண்டாவும் வாளியுமாகத் திரும்பி வருவார்கள். அப்பா வந்து பாயில் உட்கார்ந்து கயிறு திரிப்பார். நாங்கள் அவர் முதுகில் ஏறி விளையாடுவோம். படுக்கப்போகும்போது நாளைக்கும் மழை பெய்ய வேண்டும் என்று மாரியம்மாவிடம் வேண்டிக்கொள்வேன்.

அப்பா சன்னலைப் பார்த்தபடி, “வேண்டிக்கிட்டியா? அதான் பேஞ்சுச்சு” என்றார். எல்லாரும் சிரித்தோம். பிறகு அவர் நிறுத்தாமல் பேசினார். அப்படி அவர் பேசி நான் கேட்டதில்லை.

1987 டிசம்பர். மாதம் முழுக்க மழை. செக்ரோலில் அவருக்கு ஒன்பது நாள்தான் பேர். அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்தில் மழை நாளுக்குச் சம்பளம் இல்லை. சீனக் கடையில் பற்று ஏறிக்கொண்டே போனது. ஜனவரியில் பள்ளி திறக்கிறது. நான் இரண்டாம் ஆண்டு. தம்பி கைக்குழந்தை. பழைய சப்பாத்து கிழிந்துவிட்டது, சீருடை குட்டையாகிவிட்டது. அம்மா தோட்டைக் கழற்றிக் கொடுத்தாராம். அப்பா மழையில் சைக்கிளில் டவுனுக்குப் போய் அடகு வைத்தாராம். “மூணு மாசத்துல திருப்பிடலாம்னு நினைச்சேன். திருப்ப முடியல. போயிருச்சு.”

எனக்கு அந்தச் சப்பாத்து நன்றாக ஞாபகம் இருக்கிறது. வெள்ளைச் சப்பாத்து, புது ரப்பர் வாசனை. அம்மாவின் காதும் ஞாபகம் இருக்கிறது. காதுத் துளையில் ஈர்க்குச்சி செருகியிருப்பார். அடுப்பங்கரையில் நான் அதைத் தொட்டு விளையாடியிருக்கிறேன். ஏன் குச்சி போட்டிருக்கிறார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. எல்லா அம்மாவும் அப்படித்தான் போட்டுக்கொள்வார்கள் என்று நினைத்திருந்தேன்.

தம்பி எழுந்து வெளியே போனான், கேஸ் டின்னைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று. அந்தக் கொட்டும் மழையில் கால் மணி நேரம் கேஸ் டின்னைப் பார்த்தான். ஹோபார்ட் முன்பணத்தைப் பற்றி அதன் பிறகு பேசவில்லை.

அதற்கு மறுநாள் மதியம் பாதை திறந்தது. சாலை ஓரமெல்லாம் கிளையும் இலையும். மேட்டில் பனி கரைந்துகொண்டிருந்தது. மாலை வெளிச்சம் மங்குவதற்குள் ஹோபார்ட் போய்விட்டோம். பொழுது சாய்ந்தால் அந்தத் தீவில் மிருகங்கள் சாலைக்கு வந்துவிடும். அந்தி முதல் விடியல் வரை 65 கிலோமீட்டர் வேகம் என்று அங்கங்கே பலகை வைத்திருக்கிறார்கள். அடிபட்டுக் கிடந்தவற்றைப் பார்த்து தம்பி மகன் கண்ணைப் பொத்திக்கொண்டான்.

ஹோபார்ட் அழகான ஊர். கடற்கரையில் ஜனங்கள் அரைக்கைச் சட்டையோடு நடக்கிறார்கள். தலைக்கு மேலே 1,271 மீட்டர் மலையின் உச்சியில் பனி வெள்ளையடித்திருக்கிறது. அந்த மலைக்கு அந்த மண்ணின் பூர்வகுடிகள் வைத்த பெயர் குனானி. 2013 முதல் அரசாங்கமும் அந்தப் பெயரைச் சேர்த்தே எழுதுகிறது. ஊரைப் பற்றி வேறு எழுத என்னிடம் அதிகமில்லை. ஒரு நாள் துணி துவைப்பதிலும் மெத்தை காயவைப்பதிலும் போய்விட்டது.

அடுத்து தெற்கே ஹுவான் பள்ளத்தாக்கு. ஒரு காலத்தில் தாஸ்மேனியாவுக்கே ‘ஆப்பிள் தீவு’ என்று பெயர். இங்கிலாந்துக்குக் கப்பல் கப்பலாக ஆப்பிள் போனது. 1973இல் இங்கிலாந்து ஐரோப்பியச் சந்தையில் சேர்ந்ததும் அந்த விற்பனை படுத்துவிட்டது. மரத்தைப் பிடுங்கினால் அரசாங்கமே பணம் கொடுத்தது. தோட்டம் தோட்டமாகப் பிடுங்கினார்கள். ரப்பரைத் தள்ளிச் செம்பனை நட்டதைக் கண்ணால் பார்த்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது அங்கே ஆப்பிளோடு செர்ரியும் நிறைய. நாங்கள் போனது செர்ரி பறிக்கும் காலம். சாலையோரத்தில் பழப் பெட்டியும் உண்டியலும் வைத்திருக்கிறார்கள், ஆள் இல்லை. காசைப் போட்டுப் பழத்தை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். செர்ரி பழுக்கும் நேரத்தில் மழை பெய்தால் பழம் தண்ணீர் குடித்து வெடித்துவிடுமாம். அதனால் மழை விட்டதும் சில தோட்டக்காரர்கள் ஹெலிகாப்டரை வரவழைத்து, மரத்துக்கு மேலே தாழப் பறக்கவிட்டு, அந்தக் காற்றில் ஈரத்தை உதறுகிறார்கள். பார்த்துவிட்டு அப்பா, “பால்மரத்துக்கு இத மாதிரி ஒண்ணு விட்டிருக்கலாம்” என்றார்.

நாங்கள் தங்கிய கேரவன் பூங்காவில் பழம் பறிக்கும் தொழிலாளர்களும் இருந்தார்கள். மதியம் தூறல் தொடங்கியதும் ஒரு வேன் நிறைய இளைஞர்கள் திரும்பி வந்தார்கள். கறுத்த, சுருட்டை முடிப் பையன்கள். அதில் ஒருவன் பொதுச் சமையல்கூடத்தில் அரிசி களைந்துகொண்டிருந்தான். அப்பா அவன் களைவதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்ன நினைத்தாரோ, “ஹுஜான், தா அடா கெர்ஜா கா?” என்று கேட்டார்.

அந்தப் பையன் திடுக்கிட்டுத் திரும்பினான். அவன் கிழக்குத் தீமோர்க்காரன். இந்தோனேசிய மொழி அவனுக்குத் தெரியும். ஒன்பது நாளில் அப்பா வெளியாள் ஒருவரோடு மொழிபெயர்ப்பு இல்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை. தீமோரிலிருந்தும் பசிபிக் தீவுகளிலிருந்தும் ஆட்களை ஆஸ்திரேலிய அரசாங்கத் திட்டத்தின் கீழ் தோட்ட வேலைக்கு எடுக்கிறார்கள். மழை என்றால் நேரம் குறையும், நேரம் குறைந்தால் வீட்டுக்கு அனுப்பும் காசு குறையும் என்றான். ஊரில் மனைவியும் ஒரு பெண் குழந்தையும். குழந்தையின் படத்தைக் கைப்பேசியில் காட்டினான். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பள்ளிக்குப் போகிறாளா என்று கேட்டார். அடுத்த வருஷம் என்றான் அவன்.

இருவரும் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவே அப்பா வெளியே தலையை நீட்டி மேகத்தைப் பார்த்து ஏதோ சொன்னார். அந்தப் பையனும் எட்டிப் பார்த்தான். இரவு எங்கள் சம்பலில் பாதியை ஒரு கிண்ணத்தில் போட்டு அப்பாவே கொண்டுபோய்க் கொடுத்தார். மறுநாள் காலை ஆறு மணிக்கு எழுந்து பார்த்தால் அப்பா கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெளியே நிற்கிறார். வானம் வெளுத்திருந்தது. வேன் அந்தப் பையன்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அவன் சன்னல் வழியாகக் கையை ஆட்டினான். “நான் சொன்னேன்ல, இன்னிக்கு வேலை உண்டுன்னு” என்று அப்பா என்னிடம் சொல்லிவிட்டுப் பசியாற உட்கார்ந்தார்.

கிழக்குக் கரையைப் பற்றி எழுதினால் அது சுற்றுலா விளம்பரம்போல் ஆகிவிடும். வெள்ளை மணல், நீலக் கடல், பாறையில் ஆரஞ்சு நிறப் பாசி, நல்ல வெயில். பிஷினோ என்ற ஊரில் பொழுது சாய்ந்ததும் முழங்கால் உயரம்கூட இல்லாத பெங்குவின்கள் கடலிலிருந்து வரிசையாக ஏறி வீட்டுக்குப் போகின்றன. தம்பி மகனுக்கு அதுதான் சொர்க்கம். அப்பாவுக்கு மட்டும் சலிப்பு. “இங்க மேல பார்க்க ஒண்ணுமில்ல” என்றார்.

திரும்பிவரும் கப்பலில் கடல் அமைதியாக இருந்தது. கடைசி நாள் கூரைச் சன்னலை நான் மூன்று தடவை ஏறிப் பார்த்தேன்.

ஊருக்கு வந்து மாதங்கள் ஆகின்றன. ஞாயிற்றுக்கிழமை தோறும் தம்பி கூப்பிடுவான். முன்பெல்லாம் அப்பா, “நல்லா இருக்கியா? சாப்பிட்டியா? சரி, அக்காகிட்ட பேசு” என்று என்னிடம் கொடுத்துவிடுவார். இப்போது கைப்பேசியைக் காதில் வைத்ததும், “சின்னவனே, அந்தத் தீவுல காத்து எப்படி? ஆட்டுக்காரங்களுக்கு ஏதாச்சும் சொல்லியிருக்கானா?” என்று கேட்கிறார். தம்பி அங்கே மெல்பர்னில் இருந்துகொண்டு தாஸ்மேனியாவின் வானிலையைத் தேடி எடுத்து, வரிக்கு வரி தமிழில் வாசிக்கிறான்.

போன வாரம் எச்சரிக்கை ஒன்றும் இல்லையாம். “ஆடெல்லாம் நல்லா இருக்குப்பா” என்றான்.